எலெக்ட்ரிக் கிட்டார் படிக்க எந்தப் பள்ளி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். மதுரையில்தான் இருக்கிறோம். நாலு வருடமாக கிட்டார் வாசிக்கிறான், டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் ராக் அண்ட் பாப் இசைத் தேர்வில் 5ஆம் கிரேடு தேறியிருக்கிறான். இனி எலெக்ட்ரிக் கிட்டாரை முழுநேரமாகப் படிக்க வேண்டும் என்கிறான். அவன் அம்மாவைச் சம்மதிக்க வைக்கவே இரண்டு மாதம் ஆயிற்று.

சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரிதான் முதலில் நினைவுக்கு வந்தது. அங்கே எலெக்ட்ரிக் கிட்டாரை முதன்மைக் கருவியாக எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மும்பையின் ட்ரூ ஸ்கூல் ஆஃப் மியூசிக் எப்படி? பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரி, ஹாலிவுட்டில் 1977இல் கிட்டாருக்காகவே தொடங்கிய மியூசிஷியன்ஸ் இன்ஸ்டிட்யூட் எல்லாம் அவன் கனவு. என் பட்ஜெட்டுக்குக் கனவாகவே இருக்கட்டும்!

எனக்கு முக்கியமான சந்தேகம் வேறு. முன்பு போன வகுப்பில் சினிமாப் பாட்டுக்கு கார்டு (chord, சேர்த்து வாசிக்கும் சுரங்கள்) எழுதிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். ஆம்ப்ளிஃபயரை எப்படி செட் செய்வது, ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டால் வாசிக்காத கம்பிகளின் இரைச்சலைக் கையால் எப்படி அடக்குவது என்று யாரும் சொல்லவில்லை. டிரம்ஸ், பேஸ் கிட்டார் வாசிப்பவர்களோடு வாராவாரம் சேர்ந்து வாசிக்க விடுகிற பள்ளி எது? தனியாக எத்தனை மணி நேரம் பாடம் கிடைக்கும்? சேரும்போது ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோடுகளில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பு) படிக்கத் தெரிந்திருக்க வேண்டுமா? இவன் டேப் (tab, எந்தக் கம்பியில் எங்கே அழுத்துவது என்று எண்களால் காட்டும் குறிப்பு) மட்டும்தான் படிப்பான்.

அப்புறம், படித்து முடித்தவர்கள் இப்போது என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அவன் அம்மா கேட்கச் சொன்னாள்.