புதுப்பிப்பு: வெளியே கருகி உள்ளே வேகாத கோழிக்குத் தீர்வு கிடைத்தது

கோடை விடுமுறைக்கு வந்த நண்பர்களுக்காகக் கரியடுப்பில் சுட்ட கோழிக்கால், வெளியே கருகி எலும்பையொட்டி வேகாமல் போனது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன், பதிலளித்தவர்களுக்கு நன்றி. பலன் தந்தது, கரியை ஒரு பாதியில் மட்டும் குவிக்கும் யோசனைதான். கரி சாம்பல் பூக்கும்வரை ஏறத்தாழ 25 நிமிடம் பொறுத்து, துண்டுகளைக் கரியில்லாத பக்கத்தில் மூடியிட்டு வேகவைத்து, எலும்பில் படாமல் செருகிய வெப்பமானி 74 டிகிரி செல்சியஸைக் காட்டிய பிறகே, கடைசி இரண்டு நிமிடம் தணலுக்கு மேல் நகர்த்தினேன். சர்க்கரை கலந்த சாஸையும் அப்போதுதான் தடவினேன். முன்பு கருகியதற்குப் பாதிக் காரணம், அந்தச் சாஸை முன்கூட்டியே தடவியதுதான் என்று தோன்றுகிறது. எதிர்பாராதது ஒன்று: பொறுமையின்றி மூடியை அடிக்கடி திறந்ததால் வெப்பம் இறங்கி, 40 நிமிடம் என்று நினைத்தது ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிட்டது.