நியூ ஜெர்சியில் மழையே இல்லாத அக்டோபர்: இதை வறட்சி என்று சொல்லலாமா?

மழைமானிக்காரன் | நவம்பர் 5, 2024

எங்கள் வீட்டுப் பின்புறத்தில் நாலு அங்குல வாய் கொண்ட ஒரு மழைமானி இருக்கிறது. கோகோராஸ் என்கிற தன்னார்வலர் வலையமைப்புக்காகத் தினமும் காலை ஏழு மணிக்கு அதைப் பார்த்துப் பதிவு போடுகிறேன். அக்டோபரில் முப்பத்தொரு நாளும் போய்ப் பார்த்தேன். மூன்றாவது வாரம் புனலின் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது. துடைத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் மறுபடியும் வலை, ஒரு இழைகூட அறுபடாமல். மழைமானிக்குள் ஏதாவது சொட்டியிருந்தால் அது அப்படி நிற்காது.

ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கும் மாநிலக் காலநிலை அலுவலகத்தின் கணக்கில், மாநிலம் முழுவதற்குமான அக்டோபர் சராசரி 0.02 அங்குலம். வழக்கமாக நாலு அங்குலத்தை ஒட்டிப் பெய்யும் மாதம் இது. 1895-லிருந்து இருக்கிற பதிவுகளில் வேறு எந்த மாதமும் இவ்வளவு வறண்டு போனதில்லை. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் மாதம் முழுக்க 0.01 அங்குலம். ஃபிலடெல்ஃபியாவில் செப்டம்பர் 28-க்குப் பிறகு அளக்கும்படியாக ஒரு தூறல்கூட இல்லை. அங்கே பழைய சாதனை 1874-இல் 29 நாள், அதைத் தாண்டி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது.

அக்டோபர் 17-ஆம் தேதியே மாநில அரசு வறட்சிக் கண்காணிப்பு அறிவித்துவிட்டது. ஆனால் நம்மவர்கள் கூடுகிற இடத்தில் எல்லாம் "என்ன அருமையான வெயில், இப்படி ஒரு இலையுதிர் காலம் பார்த்ததே இல்லை" என்றுதான் கேட்கிறேன். எனக்கு இது வறட்சி என்றுதான் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ராரிடன் கரை | நவம்பர் 5, 2024

அண்ணா, உங்கள் எண்களில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வறண்ட மாதம் வேறு, வறட்சி வேறு. போன டிசம்பரிலும் ஜனவரியிலும் பாசேயிக் ஆறு கரை தாண்டி வீடுகளுக்குள் வந்தது. மார்ச்சிலும் நல்ல மழை. அந்தத் தண்ணீர் எல்லாம் நிலத்துக்குள் போகாமல் எங்கே போயிருக்கும்? ஒரு மாதம் பெய்யவில்லை என்பதற்காக அதை மறந்துவிட முடியாது.

அதுவும் அக்டோபர். செடிகள் ஓய்வுக்குப் போகிற நேரம். வெயிலின் கோணம் சாய்ந்துவிட்டது, ஆவியாதல் ஜூலையில் பாதிகூட இருக்காது, வீடுகளில் தண்ணீர்ச் செலவும் குறைந்துவிடும். இதே 0.02 அங்குலம் ஜூன் மாதத்தில் வந்திருந்தால் நானே முதலில் கத்தியிருப்பேன்.

காரணத்தைப் பாருங்கள். உயர் காற்றழுத்தப் பகுதி ஒன்று நம் தலைக்கு மேல் வந்து நகராமல் நின்றுவிட்டது. புயல்கள் எல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு போயின. ஹெலீனும் மில்ட்டனும் தெற்கே எவ்வளவு கொட்டின என்று பார்த்தோமே! மழை இல்லாமல் போகவில்லை, நமக்கு வரவில்லை. 2012 அக்டோபரில் சாண்டி புயல், 2021 செப்டம்பர் முதல் தேதி ஐடா புயல். இந்தப் பருவத்தில் இங்கே நாம் பயப்பட வேண்டியது வெள்ளத்துக்கு.

ஹண்டர்டன் கிணறு | நவம்பர் 6, 2024

ராரிடன் தம்பி, நீங்கள் குழாய்த் தண்ணீர் வீட்டில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டுக்கு 140 அடி ஆழ்துளைக் கிணறுதான் எல்லாம். போன வியாழக்கிழமை காலை சமையலறைக் குழாயைத் திறந்தேன். இரண்டு முறை இருமியது. கொஞ்சம் காற்று வந்தது, பிறகு செம்மண் கரைத்த மாதிரித் தண்ணீர், பிறகு மறுபடி காற்று. மோட்டாரை உடனே நிறுத்தினேன். அன்றிலிருந்து காலையில் குளியல், இரவில் துணி, நடுவே பல மணி நேரம் கிணறு ஊறட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

இந்தப் பக்கம் அடியில் இருப்பது சிவப்புக் களிப்பாறை. பாறை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளாது, வெடிப்புகளில் நிற்பது மட்டும்தான் நமக்கு. அதனால் இருப்பு குறைவு, இறங்கினால் வேகமாக இறங்கும்.

செடி ஓய்வுக்குப் போகிறது, அதனால் பாதகமில்லை என்கிறீர்கள். நான் அதையே தலைகீழாகச் சொல்கிறேன். கோடையில் பெய்கிற மழையில் பெரும்பகுதியை வேர்களும் வெயிலும் எடுத்துக்கொள்கின்றன, கிணற்றுக்கு வருவது சொற்பம். செடிகள் குடிப்பதை நிறுத்திய பிறகு பெய்வதுதான் கீழே இறங்குகிறது. அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரைக்கும் நிலம் நிரம்புகிற காலம். அதன் முதல் மாதத்திலேயே வரவு பூஜ்யம். ஒரு ஏக்கரில் ஒரு அங்குல மழை என்றால் சுமார் 27,000 காலன். எங்கள் அரை ஏக்கருக்கு அக்டோபரில் வரவேண்டிய நாலு அங்குலத்தைப் பெருக்கிப் பாருங்கள்: 54,000 காலன் வரவில்லை.

ராரிடன் கரை | நவம்பர் 6, 2024

அக்கா, உங்கள் குழாய் இருமிய விஷயம் படித்ததும் வருத்தமாக இருந்தது. மோட்டார் காற்றை இழுத்தால் எரிந்துவிடும், உடனே நிறுத்தியது நல்லது. நிலம் நிரம்புகிற பருவம் பற்றி நீங்கள் சொன்னது சரி, அதை நான் விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அக்டோபர் மழையின்மை அதே அக்டோபரிலேயே 140 அடிக்குப் போய்ச் சேர்ந்துவிடுமா? உங்கள் கிணறு அதற்கு முன்பே இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

மழைமானிக்காரன் | நவம்பர் 6, 2024

தம்பி, நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள். ஆகஸ்ட் நடுவிலிருந்தே மழை குறைந்துவிட்டது, செப்டம்பரும் வறட்சியாகத்தான் போனது. அக்டோபர் சாதனை படைத்ததால் எல்லோர் கண்ணும் அதன்மேல் விழுந்தது. "ஒரு மாதம்தானே" என்று நீங்கள் தொடங்கினீர்கள், ஆனால் கிணறு இரண்டரை மாதக் கணக்கைக் காட்டுகிறது.

எடிசன் புல்வெளி | நவம்பர் 7, 2024

நடுவில் ஒரு சந்தேகம். செப்டம்பரில் விதைத்த புல் பாதி முளைத்து நிற்கிறது. ஸ்ப்ரிங்க்ளரை ஓட்டலாமா, நிறுத்திவிடலாமா?

மழைமானிக்காரன் | நவம்பர் 7, 2024

நிறுத்திவிடுங்கள். வளர்ந்த புல் பழுத்தாலும் வேர் பிழைத்துக்கொள்ளும். முளைத்தது போனாலும் வசந்தத்தில் மறுபடி விதைக்கலாம். தண்ணீர் மிச்சம் இருந்தால் இந்த வருடம் நட்ட மரக்கன்றுகளுக்கு அடியில் மெதுவாக ஊற்றுங்கள். பசுமை மாறா மரங்களுக்கு இன்னும் முக்கியம், அவை குளிர்காலத்திலும் இலை வழியாக ஈரத்தை இழக்கும்.

பைன் காட்டோரம் | நவம்பர் 10, 2024

மூன்று நாளாக எழுத முடியவில்லை. நான் இருப்பது தெற்கே, பைன் பேரன்ஸ் என்கிற மணல்தரைப் பைன் காட்டின் ஓரத்தில். 6-ஆம் தேதி ஜாக்சன் பக்கம் தீ. 8-ஆம் தேதி புரூக்ளினில், ஊருக்கு நடுவே இருக்கிற பிராஸ்பெக்ட் பார்க்கிலேயே தீ. வடக்கே நியூயார்க் எல்லையில் ஜென்னிங்ஸ் க்ரீக் தீ ஆயிரக்கணக்கான ஏக்கரைத் தின்றுகொண்டிருக்கிறது. அதை அணைக்கப் போன நியூயார்க் மாநிலப் பூங்கா ஊழியர், பதினெட்டு வயதுப் பையன், மரம் விழுந்து நேற்று இறந்துபோனான். என் மகனுக்கும் பதினெட்டு.

நேற்று காலை வாசலில் நின்று ஒரு கைப்பிடி ஓக் சருகை எடுத்துக் கசக்கினேன். நொறுங்கும் சத்தம் முடிவதற்குள் உள்ளங்கையில் மூக்குப்பொடி மாதிரித் தூள்தான் மிச்சம். அதற்குக் கீழே பைன் ஊசிகள், அதற்கும் கீழே மணல். விரல் முழுக்க விட்டுப் பார்த்தேன், ஈரம் தட்டவில்லை.

இங்கே காட்டுத்தீப் பருவம் என்றால் மார்ச் முதல் மே வரை. இலை இல்லாத மரங்கள், வெயில் நேரே தரைக்கு, காற்று. நவம்பரில் இப்படிப் பார்த்ததில்லை. ராரிடன் கரை அவர்களே, செடி ஓய்வுக்குப் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். அது ஓய்வுக்குப் போகும்போது உதிர்க்கிற இலை எல்லாம் காய்ந்த தரையில் வந்து விழுகிறது. எங்களுக்கு அது விறகு.

ராரிடன் கரை | நவம்பர் 10, 2024

அந்தப் பையனின் செய்தியைப் படித்துவிட்டு நேரம் எடுத்துத்தான் எழுதுகிறேன். நீங்களும் வீட்டாரும் பத்திரமாக இருங்கள்.

கருத்தில் மட்டும் ஒரு வேறுபாடு. தீ பற்றுவதற்கு நீண்ட வறட்சி தேவையில்லை. சருகும் புல்லும் மணிக்கணக்கில் காய்ந்துவிடும். நல்ல ஈரமான வருடத்தில்கூட நாலு நாள் வெயிலும் காற்றும் போதும். பற்ற வைப்பதோ, இந்த மாநிலத்தில் ஏறக்குறைய எப்போதும் மனிதர்களின் கைதான். ஆக, தீ வந்தது என்பதை வைத்தே வறட்சி என்று முடிவு கட்ட முடியாது.

பைன் காட்டோரம் | நவம்பர் 11, 2024

பற்றுவதற்கு நாலு நாள் போதும், ஒத்துக்கொள்கிறேன். அணைவதைப் பாருங்கள். ஈரமான வருடத்தில் தீ மேற்சருகை எரித்துவிட்டுப் போய்விடும். அடியில் இருக்கும் மக்கு, அதாவது மக்கிப்போன சருகு அடுக்கு, ஈரமாக இருப்பதால் உள்ளே இறங்காது. இப்போது அந்த மக்கே காய்ந்துவிட்டது. தீ தரைக்குள் இறங்கி வேரோடு வேராகப் புகைகிறது. மேலே அணைத்த இடத்தில் சில நாள் கழித்து மறுபடி கிளம்புகிறது. அதனால்தான் ஆட்கள் மண்வெட்டியால் கிளறிக் கிளறித் தண்ணீர் ஊற்றுகிறார்கள். நாலு நாள் வெயிலில் இது நடக்காது.

நேற்று இரவு ஒரு தூறல் வந்தது. கூரையில் சத்தம் கேட்டு வெளியே ஓடினோம். காலையில் மணலைப் பார்த்தால் அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளிகள், அவ்வளவுதான்.

ராரிடன் கரை | நவம்பர் 11, 2024

மக்கு பற்றி எனக்குத் தெரியாது. அந்த வாதத்தை எடுத்துவிடுகிறேன்.

மழைமானிக்காரன் | நவம்பர் 14, 2024

நேற்று மாநிலம் கண்காணிப்பிலிருந்து வறட்சி எச்சரிக்கைக்கு உயர்த்திவிட்டது. பெயர் மாற்றம் மட்டும் இல்லை. கண்காணிப்பு என்றால் "சிக்கனமாக இருங்கள்" என்ற வேண்டுகோள். எச்சரிக்கை என்றால், ஒரு நீர் நிறுவனத்திடம் இருப்பதை இன்னொன்றுக்குத் திருப்பச் சொல்லி அரசு உத்தரவிடலாம். அடுத்த படி அவசரநிலை. அப்போது கட்டுப்பாடு வீடு வரை வரும். கடைசியாக அது வந்தது 2002-இல். ஃபிலடெல்ஃபியாவின் மழையில்லா நாட்கள் 42-இல் முடிந்தன.

அரசுக்கு அவசரம் ஏன் என்றால், டெலவேர் ஆற்றைப் பாருங்கள். மேலேயிருந்து வரும் நன்னீர் குறைந்தால் கடலின் உப்பு ஆற்றுக்குள் ஏறும். உப்பின் முனை இப்போது நவம்பரில் வழக்கமாக நிற்கும் இடத்தைவிடப் பத்து மைலுக்கு மேல் உள்ளே வந்திருக்கிறது.

எடிசன் புல்வெளி | நவம்பர் 14, 2024

அப்புறம் இது பருவநிலை மாற்றம்தானா? யாராவது தெளிவாகச் சொல்லுங்கள்.

ராரிடன் கரை | நவம்பர் 15, 2024

இதில் நான் நகர மாட்டேன். எச்சரிக்கை விட்டது சரி, தண்ணீரைச் சேமிப்பது சரி, நானும் செய்கிறேன். ஆனால் அமெரிக்காவின் வடகிழக்கில் நூறாண்டுப் போக்கு மழை கூடுவதாகத்தான் இருக்கிறது. 1960-களின் வறட்சி வருடக்கணக்கில் நீடித்தது. 1964-இல் இதே உப்பு முனை டெலவேரில், கழிமுகத்திலிருந்து எண்ணினால், 102-ஆவது மைல் வரை வந்தது. ஃபிலடெல்ஃபியா குடிநீர் எடுக்கிற இடம் 110-ஆவது மைல். எட்டு மைல்தான் பாக்கி. அது இன்றைய சூடு வருவதற்கு முன்பு நடந்தது. ஒரு மாதத்தைக் காட்டிப் பருவநிலை மாற்றம் என்றால், நாளைக்கு ஒரு மழை மாதம் வரும்போது மக்கள் நம்மை நம்ப மாட்டார்கள்.

மழைமானிக்காரன் | நவம்பர் 15, 2024

மழை வராததற்குக் காரணம் நகராத உயர் அழுத்தம். அதைச் சூட்டின் கணக்கில் எழுத நானும் தயாராக இல்லை. ஆனால் வறட்சிக்கு இரண்டு பக்கம் உண்டு: வானம் கொடுப்பது, வானம் எடுப்பது. ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரம் தாங்கும். அந்தக் காற்றுக்குப் பெய்ய மழை இருந்தால் வெள்ளமாகக் கொட்டும், இல்லாவிட்டால் மண்ணில் இருப்பதை உறிஞ்சும். ஹாலோவீன் அன்று, அக்டோபர் 31-ஆம் தேதி, இங்கே 80 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி அடித்தது. நீங்கள் சொன்ன பாசேயிக் வெள்ளமும் இந்த அக்டோபரும் ஒரே வருடத்தில் வந்தவை. சராசரி கூடுகிறது என்பதில் மட்டும் நிம்மதி அடைய முடியவில்லை.

ராரிடன் கரை | நவம்பர் 19, 2024

நேற்று வந்த செய்தி என்னை ரொம்பப் பாதித்தது. நியூயார்க் நகரத்துக்குப் பாதித் தண்ணீரைக் கொண்டுவருவது டெலவேர் சுரங்கக் குழாய். அதில் ஒரு நாளைக்கு 3.5 கோடி காலன் வரை கசிகிறது. ஹட்சன் ஆற்றுக்கு அடியில் இரண்டரை மைல் மாற்றுச் சுரங்கம் தோண்டி முடித்து, அதை இணைப்பதற்காகத்தான் இந்த இலையுதிர் காலத்தில் பழைய குழாயை மூடினார்கள். தண்ணீர்த் தேவை குறைகிற பருவம் என்று நான் முதல் பதிவில் எழுதினேனே, அதே கணக்குதான். இப்போது வறட்சியால் வேலையை நிறுத்திவிட்டு, கசிகிற குழாயையே திரும்பத் திறக்கிறார்கள்.

நீர்க் குழாய்கள் சம்பந்தமான வேலைதான் என்னுடையதும். இந்த மாதிரி ஒரு இணைப்புக்கு எத்தனை வருடத் திட்டம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். இந்தப் பருவத்தில் இடர் இல்லை என்று திட்டமிட்டவர்கள் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். வறட்சி என்ற சொல்லுக்கு இனி மறுப்பு சொல்ல மாட்டேன். பருவநிலை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

மழைமானிக்காரன் | நவம்பர் 21, 2024

இருட்டிலேயே எழுந்துவிட்டேன். ஏழு மணிக்கு டார்ச்சோடு போய்ப் பார்த்தால் உள்குழாய் நிரம்பி வெளிக்குழாயில் வழிந்திருந்தது. அந்த உள்குழாய் கொள்வது ஒரு அங்குலம். மீதியை ஊற்றி அளந்தேன். மொத்தம் 1.38 அங்குலம். மழை இன்னும் விடவில்லை. பைன் காட்டோரம், அங்கே எப்படி?

பைன் காட்டோரம் | நவம்பர் 21, 2024

இங்கேயும் கொட்டுகிறது. ஒன்றரை மாதத்தில் முதல் தடவையாகப் புகை வாசனை இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

ராரிடன் கரை | நவம்பர் 21, 2024

ஹண்டர்டன் அக்கா, கிணற்றில் ஏதாவது ஏறியதா?

ஹண்டர்டன் கிணறு | நவம்பர் 21, 2024

இன்னும் இல்லை தம்பி. மேல்மண் குடிக்கிறது, அது குடித்து முடித்த பிறகுதான் பாறைக்கு. துணியை இன்றும் இரவில்தான் போடுகிறேன். பெய்யட்டும்.