புதுப்பிப்பு: பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய், போலியைக் கண்டுபிடிக்க எடையும் காந்தமும் போதாது

11.66 கிராம் இருந்து காந்தத்தில் ஒட்டாவிட்டால் வாங்கலாம் என்று முதல் பதிவில் சொன்னது தவறு. வெண்கலம், பித்தளை, ஈயம் எதுவும் காந்தத்தில் ஒட்டாது. தடிமனைக் கூட்டியோ குறைத்தோ செய்தால் எடையும் சரியாக வந்துவிடும்.

அடர்த்திதான் பார்க்க வேண்டும். 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். உலர்ந்த எடையை, இப்போது தராசு காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 1939 வரையிலான 91.7% வெள்ளி ரூபாய்க்கு சுமார் 10.3 வரும், அதாவது தராசு 1.13 காட்டும். 1.3 காட்டினால் வெள்ளி இல்லை. காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் நல்ல நாணயமும் போலிபோலத் தெரியும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள்.

1940-45 ரூபாய்களில் வெள்ளி 50% மட்டுமே. அவை 9.5 அளவில் வரும், பதற வேண்டாம்.

நகைக்கடை எக்ஸ்ரே மெஷின் மேற்பரப்பை மட்டுமே படிக்கும். கனமான முலாம் அதை ஏமாற்றும். தேய்ந்த நாணயம் 11.4 கிராம் இருப்பதும் இயல்பே.

அடர்த்திச் சோதனையிலும் பிடிபடாத மோசடி ஒன்று உண்டு: அசல் வெள்ளி நாணயத்தில் ஆண்டைத் திருத்துவது. அரிதான 1939 ரூபாய் என்றால் கடைசி இலக்கத்தை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். விற்பவரிடம் விளிம்புப் படமும் கேளுங்கள். வார்ப்புக் கோடு தெரிந்தால் பேச்சே வேண்டாம்.

ராமர், அனுமன் உருவம் போட்ட 'கிழக்கிந்தியக் கம்பெனி 1818' காசுகள் நாணயமே அல்ல.