பிக்கறிங் பக்கம் சால்மன் ட்ரோலிங்: சோனாரில மீன் நிக்குது, கடிக்குதில்லை. ஆராவது உதவி செய்யுங்கோ

அஜாக்ஸ்_வள்ளம்:
எல்லாருக்கும் வணக்கம். ஒன்ராறியோ ஏரியில ட்ரோலிங் செய்து, அதாவது போட்டை மெல்ல ஓட்டித் தூண்டிலைப் பின்னால இழுத்து, சால்மன் பிடிக்கிற ஆக்கள் இஞ்ச கன பேர் இருக்கிறியள் எண்டு தெரியும், அதுதான் கேக்கிறன். என்னட்ட 18 அடி அலுமினிய போட், ரெண்டு பக்கமும் டவுன்ரிகர் (கேபிளில குண்டு கட்டித் தூண்டிலை ஆழத்துக்கு இறக்கிற கருவி), குண்டு 10 பவுண்ட். ஒரு பக்கம் ஃப்ளாஷரும் (மினுங்கிச் சுழலுற தட்டு) அதுக்குப் பின்னால ஃப்ளையும் (ஹூக்கோட இருக்கிற பொய் இரை), மற்றப் பக்கம் ஸ்பூன் (கரண்டி மாதிரி உலோக இரை). ஃபிரெஞ்ச்மன்ஸ் பேயால வெளிக்கிட்டு 120 அடித் தண்ணியில இருந்து 180 மட்டும் ஓடுறனாங்கள். இப்ப யூலை, மேல் தண்ணி 68 டிகிரி ஃபாரன்ஹைட் காட்டுது. சோனாரில 60 - 75 அடியில பெரிய பெரிய வளைவா மீன் நிக்கிறது வடிவாத் தெரியுது, சில நேரம் ஒரு கோடு எழும்பி குண்டுக்குப் பின்னால கொஞ்சத்தூரம் கூடவே வந்து பார்த்திட்டு அப்பிடியே இறங்கிப் போகுது. கடிக்குதில்லை.

ஜிபிஎஸ் ஸ்பீட் எப்பவும் மணிக்கு 2.5 மைல்ல வச்சிருக்கிறன், எல்லா இடத்திலயும் அதைத்தான் சொல்லுகினம். விளங்காத விஷயம் என்னெண்டால், கிழக்க போகேக்க இடைக்கிடை ஒண்டு ரெண்டு கடிக்கும், அதே கோட்டில திரும்பி மேற்க வந்தால் ஒண்டுமே இல்லை. அதே மீன், அதே ஆழம், அதே ஃப்ளை. பக்கத்தில போற போட்டுகள் ரெண்டு பக்கமும் பிடிக்கினம். இன்னொண்டு, கிழமை நடுவில நல்லா காத்தடிச்சுது, அதுக்குப் பிறகு சனிக்கிழமை போனால் சோனாரில மீனே இல்லை, மேல் தண்ணி 50க்கு இறங்கிக் கிடக்குது. ஃப்ளை கலர் பிழையா? எஞ்சின் சத்தமா? அப்பாவும் கூட வாறவர், பருத்தித்துறையில கடலுக்குப் போன மனுஷன், அவருக்கு ஒரு பெரிய சினூக் சால்மன் பிடிச்சுக் குடுக்கவேணும் எண்டு சரியான ஆசை.

கெண்டைக்காரன்:
ஃப்ளை என்ன கலர் பாவிக்கிறீங்கள்? விடியக்காலமை இருட்டோட எண்டால் இருட்டில ஒளிருற குளோ, வெயில் ஏறினாப் பிறகு பச்சை, வெள்ளை. போன கிழமை எனக்கு வெள்ளை ஃப்ளாஷரும் பச்சை ஃப்ளையும் நல்லா வேலை செய்தது, மாத்திப் பாருங்கோ.

வடகரை_லைன்:
கலரைப் பிறகு பார்ப்பம் தம்பி. ஒரே கலர் கிழக்க போகேக்க கடிபட்டு மேற்க வரேக்க கடிபடேல்லை எண்டால் பிரச்சினை கலரில இல்லைத்தானே. நீங்கள் எழுதினதுக்குள்ளயே விடை கிடக்கு.

ஜிபிஎஸ் காட்டுறது போட் நிலத்துக்கு மேலால எவ்வளவு வேகமா போகுது எண்டது மட்டும்தான். மீனுக்கு அது தேவையில்லை. 70 அடியில உங்கட ஃப்ளாஷர் அங்க இருக்கிற தண்ணியை எவ்வளவு வேகமா வெட்டிக்கொண்டு போகுது எண்டதுதான் முக்கியம். உந்த ஏரி 244 மீற்றர் ஆழம் வரைக்கும் போற பெரிய தண்ணி, காத்தும் வெப்பமும் சேர்ந்து உள்ளுக்குள்ள நீரோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும், மேல ஒரு பக்கமும் கீழ வேற பக்கமும் கூட ஓடும், நாளுக்கு நாள் மாறும். இப்ப கீழ கிழக்கு நோக்கி 0.4 மைல் ஓட்டம் இருக்குது எண்டு வையுங்கோ. நீங்கள் 2.5ல கிழக்க போனால் ஃப்ளாஷருக்கு உண்மையான வேகம் 2.1. திரும்பி அதே 2.5ல மேற்க வந்தால் 2.9. இந்த ரெண்டுக்கும் இடையில ஒரு ஃப்ளாஷரின்ர ஆட்டமே மாறிப்போகும். 2.2 - 2.6க்குள்ள அது வடிவா அகலமா சுழண்டு ஃப்ளையை இழுத்து இழுத்து விடும். 3க்குக் கிட்டப் போனால் இறுக்கமா சுத்தத் தொடங்கிவிடும், பின்னால வாற ஃப்ளை செத்தமாதிரி நேராத்தான் வரும். மீன் கிட்ட வந்து பார்த்திட்டுப் போறதுக்கு இதைத்தான் நான் முதல் காரணமாச் சொல்லுவன்.

ஒரு கேள்வி. மேற்க வரேக்க டவுன்ரிகர் கேபிள் கூடச் சாஞ்சு நிக்குதா?

அஜாக்ஸ்_வள்ளம்:
ஓம் அண்ணை!! மேற்க வரேக்க கேபிள் நல்லா பின்னால போய் நிக்கும், கிழக்க போகேக்க கிட்டத்தட்ட நேரா நிக்கும். நான் அது அலையால எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்.

வடகரை_லைன்:
அப்ப அதேதான். கேபிள்தான் உங்கட ஸ்பீடோமீற்றர், காசு குடுக்காமல் கிடைச்சது. கிழக்க போகேக்க கடிச்ச நேரம் கேபிள் என்ன சரிவில நிண்டுது எண்டு வடிவாப் பாருங்கோ, போட்டின்ர ஓரத்தில ஒரு மார்க்கர் கோடு போட்டு வச்சாலும் நல்லது. மேற்க திரும்பினவுடன ஜிபிஎஸ்ஸை மறந்திட்டு கேபிள் அதே சரிவுக்கு வரும் மட்டும் ஸ்பீடைக் குறையுங்கோ. 1.8 காட்டினாலும் பயப்பிடாதேங்கோ. றொட் நுனியையும் பாருங்கோ, ஃப்ளாஷர் சரியா ஓடினால் நுனி ஒரு தாளத்தில தலையாட்டிக்கொண்டே இருக்கும், அது சும்மா நடுங்கினால் வேகம் கூட, அசையாமல் நிண்டால் வேகம் காணாது இல்லாட்டி புல்லு மாட்டியிருக்கு.

காசு இருந்தால் குண்டுக்கு மேல பூட்டுற ஸ்பீட் - ரெம்பரேச்சர் புரோப் ஒண்டு வாங்குங்கோ, ஃபிஷ் ஹாக் மாதிரி. கீழ என்ன வேகம், என்ன சூடு எண்டு மேல திரையில காட்டும். புதுசா பத்து ஃப்ளாஷர் வாங்கிற காசை இதுக்குப் போடலாம் எண்டதில எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

போர்ட்_கிரெடிட்_வாசி:
வணக்கங்க, நான் மிசிசாகா பக்கம், போர்ட் கிரெடிட்ல இருந்து போறேன். மேல அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு சரி, அதோட இன்னொன்னு சேர்த்துக்கோங்க. கேபிள் சாயுதுன்னா வேகம் மட்டும் இல்ல, ஆழமும் மாறுது. கவுண்டர்ல 70 அடின்னு காட்டும், ஆனா கேபிள் 30 டிகிரி சாஞ்சிருந்தா குண்டு உண்மையில 60 அடி கிட்டதான் இருக்கும். 15 டிகிரின்னா 67 - 68. கேபிள் நேர்கோடா நிக்காது, வளையும், அதனால இது ஒரு தோராயக் கணக்குதான். அப்போ பாருங்க, கிழக்க போறப்ப மீன் நிக்கிற மட்டத்துலயே ஓடுது, மேற்க வர்றப்ப வேகமாவும் போகுது, கிட்டத்தட்ட பத்தடி மேலயும் தூக்கிடுது. ரெண்டு தப்பும் ஒண்ணா சேருது. 10 பவுண்ட் குண்டு 40 அடி வரைக்கும் ஓகே, 70 அடிக்கு 12 இல்ல 15 போடுங்க, ஆனா உங்க டவுன்ரிகர் மோட்டார் அந்த எடைய தாங்குமான்னு பாத்துக்கோங்க.

அப்புறம் லீடர் நீளம் என்னங்க? ஃப்ளாஷர்ல இருந்து ஃப்ளை வரைக்கும். 8 இன்ச் ஃப்ளாஷர்னா 18 - 24 இன்ச், 11 இன்ச்னா 24ல இருந்து 30 வரைக்கும், 50 பவுண்ட் ஃப்ளோரோகார்பன் லைன். லீடர் ரொம்ப நீளமாயிட்டா ஃப்ளாஷரோட உதறல் ஃப்ளைக்கு வந்து சேராது. மீன் பின்னாலயே வந்து கடிக்கலன்னா நான் மொதல்ல ரெண்டு ரெண்டு இன்ச்சா லீடரைக் குறைப்பேன்.

விட்பி_மீன்:
போட்டில கரண்ட் கசியுதோ எண்டும் பாருங்கோ. கேபிளில வோல்ட்டேஜ் கூடினால் சால்மன் கிட்ட வராது எண்டு சொல்லுகினம், அதுக்கு பிளாக் பாக்ஸ் எண்டு தனியா ஒண்டு விக்குது.

வடகரை_லைன்:
அப்பிடியும் சொல்லுகினம்தான், ஆனா இவருக்கு மீன் குண்டுக்குக் கிட்ட வருகுது, கிழக்க போகேக்க கடிக்கவும் செய்யுது, கரண்ட் எண்டால் திசை பார்த்து வேலை செய்யாது. எஞ்சின்ல இருக்கிற சிங்க் (நாகம்) கட்டி தேஞ்சு போயிருந்தால் மாத்துங்கோ, வயர் இணைப்புகளைத் துப்பரவாக்குங்கோ, இப்போதைக்கு அது காணும்.

கச்சான்_காத்து:
தம்பி, மற்றவை ஸ்பீடைப் பற்றி வடிவாச் சொல்லிப்போட்டினம், நான் அந்தக் காத்தடிச்ச கதைக்கு வாறன். அடிச்சது மேற்கில இருந்து வாற மேல்காத்துத்தானே, கச்சான்? ரெண்டு மூண்டு நாள் விடாமல் அடிச்சிருக்கும். பூமி சுத்துறதால மேல் தண்ணி காத்துப் போற திசைக்கு நேரா போறேல்லை, வலக்கைப் பக்கமா விலகிப் போகும். கச்சான் அடிச்சால் எங்கட வடகரையில இருக்கிற சூட்டுத் தண்ணி எல்லாம் தெற்க நியூயோர்க் பக்கம் போயிடும், அந்த இடத்தை நிரப்ப அடியில இருந்து குளிர் தண்ணி எழும்பி வரும். 68ல இருந்த தண்ணி 50க்கு இறங்கினது அதாலதான். ஏரி புரண்டிட்டுது எண்டு இஞ்சத்த ஆக்கள் சொல்லுவினம்.

சினூக்குக்குப் பிடிச்ச தண்ணி 50 - 55 டிகிரி, சுமாரா. யூலையில சாதாரணமா அது 50 - 80 அடிக்குள்ள, மேல் சூட்டுத் தண்ணியும் கீழ் குளிர் தண்ணியும் சந்திக்கிற அந்தப் படையோட கிடக்கும், அதுக்கு மேல ஏல்வைஃப் எண்ட சின்ன மீன் கூட்டம் நிக்கும், சினூக் அதைத் தின்னத்தான் அங்க நிக்குது. 1960களின்ர கடைசியில பசிபிக் சால்மனை இந்த ஏரியில விடத் தொடங்கினதே பெருகிப்போன ஏல்வைஃபைத் தின்ன ஒரு பெரிய மீன் வேணும் எண்டதும் ஒரு காரணம். ஏரி புரண்டால் அந்தப் படை குலைஞ்சு போகும், ஏல்வைஃப் சூட்டைத் தேடிப் போகும், சினூக் அதுக்குப் பின்னால போகும். நீங்கள் வழமையா நிக்கிற 120 அடித் தண்ணியில தேடி வேலையில்லை. ரெண்டு வழி இருக்கு. ஒண்டு, இன்னும் வெளியால போய் மேல் தண்ணி திடீரெண்டு நாலைஞ்சு டிகிரி கூடுற கோட்டைக் கண்டுபிடிச்சு அந்தக் கோட்டோட ஓடுறது, மேல் 30 - 40 அடிக்குள்ள, அங்க ரெயின்போ ட்ரௌட்டும் நிக்கும். மற்றது, பொறுத்திருக்கிறது. கிழக்கில இருந்து கொண்டல் ரெண்டு நாள் அடிச்சால் சூட்டுத் தண்ணி திரும்பி எங்கட கரைக்கு வந்திடும்.

போறதுக்கு முதல் அமெரிக்க அரசாங்கத்தின்ர கடல் - வானிலை நிறுவனம் நோவா போடுற பேரேரிகள் மேல்தண்ணி வெப்பப் படத்தை ஒருக்காப் பாருங்கோ, இலவசம். வடகரை முழுக்க குளிர் நிறத்தில கிடந்தால் பெற்றோல் காசை மிச்சம் பிடியுங்கோ. உங்கட அப்பாவோட இதைக் கதைச்சுப் பாருங்கோ தம்பி, கடலுக்குப் போன மனுஷனுக்குக் காத்துப் பார்க்கத் தெரியும், நீங்கள் திரையைப் பார்க்கேக்க அவர் காத்தைப் பார்ப்பார்.

அஜாக்ஸ்_வள்ளம்:
எல்லாருக்கும் பெரிய நன்றி. 12 பவுண்ட் குண்டு ரெண்டு வாங்கிட்டன், லீடர் அளந்து பார்த்தன், 36 இன்ச் கிடந்துது, வாங்கேக்கயே அப்பிடித்தான் கட்டி வந்தது, 24க்கு வெட்டிக் கட்டியாச்சு. ரெண்டு கேள்வி. ஃப்ளாஷரும் ஸ்பூனும் ஒண்டா ஓடலாமா? அப்பாவுக்கும் லைசன்ஸ் எடுத்தால் நாலு தூண்டில் போடலாமா?

வடகரை_லைன்:
ஓடலாம், ஆனா சில ஸ்பூன் 3 மைல் மட்டும் நல்லா ஆடும், ஃப்ளாஷருக்கு அது கூட. உங்கட வேகம் எது எண்டு பிடிபடும் மட்டும் ரெண்டு பக்கமும் ஃப்ளாஷர் ஃப்ளையே போடுங்கோ, இல்லாட்டி எதுக்கு ஏத்த வேகம் எண்டு உங்களுக்கே விளங்காது.

ஒன்ராறியோ ஏரியில போட்டில இருந்து பிடிக்கேக்க ஒராளுக்கு ரெண்டு லைன் போடலாம், ஆளாளுக்கு லைசன்ஸ் வேணும். எண்டபடியா நாலு சரி. மூண்டாவதும் நாலாவதும் டிப்சி டைவரில (லைனைக் கீழயும் பக்கமாவும் இழுத்துக்கொண்டு போற தட்டு) போடுங்கோ, செற்றிங் 3, அப்பத்தான் டவுன்ரிகரில இருந்து விலகி ஓடும். விட்ட தங்கூசியில (தூண்டில் லைன்) கிட்டத்தட்ட மூண்டில ஒரு பங்குதான் ஆழம், 60 அடிக்குப் போகவேணும் எண்டால் 180 அடி விடவேணும். டிப்சி இருந்தால் இன்னொரு நன்மை. போட்டை மெல்லமா வளைச்சுத் திருப்பேக்க உள்பக்க டைவர் மெதுவாகிக் கீழ இறங்கும், வெளிப்பக்கம் கெதியாகி மேல எழும்பும். உள்பக்கம் அடிச்சால் ஸ்பீடைக் குறைக்கச் சொல்லுது, வெளிப்பக்கம் அடிச்சால் கூட்டச் சொல்லுது. நான் அரை மணித்தியாலம் ஒண்டும் கடிக்காட்டி நேரா ஓடவே மாட்டன், எஸ் எஸ்ஸாத்தான் வளைச்சு வளைச்சு ஓடுவன்.

போர்ட்_கிரெடிட்_வாசி:
டவுன்ரிகர்ல லைனைப் பிடிச்சிருக்கிற ரிலீஸ் கிளிப்பையும் பாத்துக்கோங்க, மீன் இழுத்தா அது லைனை விட்டுடணும். ரொம்ப லூசா இருந்தா ஃப்ளாஷரோட இழுவைக்கே கழண்டுடும், ரொம்ப டைட்டா இருந்தா சின்ன மீன் மாட்டினது கூட தெரியாம இழுத்துக்கிட்டே போவீங்க. குண்டுல இருந்து ஃப்ளாஷர் 15 - 20 அடி பின்னால இருக்கட்டும்.

அஜாக்ஸ்_வள்ளம்:
ஞாயிறு போயிட்டு வந்தம். கொண்டல் அடிச்சு மேல் தண்ணி 66க்கு வந்திருந்தது. ஒரு சிநேகிதன்ர புரோப்பைக் கடன் வாங்கிப் பூட்டினன். ஜிபிஎஸ் 2.5ல கிழக்க போகேக்க கீழ 2.2, மேற்க வரேக்க 2.8! அங்கயே நிப்பாட்டி மேற்க 2.0க்குக் குறைச்சன், கீழ 2.3 காட்டினது. அண்ணை சொன்னமாதிரி றொட் நுனி தாளத்தில ஆடத் தொடங்கினது. 68 அடியில, 52 டிகிரித் தண்ணி. மேற்க வரேக்கதான் முதல் அடி. லைன் 300 அடிக்கு மேல ஓடினது, அப்பாதான் இழுத்தவர், என்னைத் தொடவே விடேல்லை. வாய்க்குள்ள முரசு முழுக்கக் கறுப்பு, சினூக்தான். பேந்து இன்னொண்டும் ஒரு ரெயின்போவும். ஒரு மீன் போட்டுக்குக் கிட்ட வந்து கழண்டிட்டுது, ஹூக் வளைஞ்சு கிடந்தது, அதுக்கு என்ன செய்யலாம்?

அம்மா தலையும் வயித்துப் பக்கமும் போட்டு குழம்பு வைக்கப்போறா, பிள்ளையளும் வீட்டில இருக்கினம், சாப்பிடலாம்தானே?

கச்சான்_காத்து:
நல்ல சந்தோசம் தம்பி. அப்பாவுக்கு என்ர வணக்கத்தைச் சொல்லுங்கோ.

சாப்பாட்டு விஷயம் கவனம். இந்த ஏரியின்ர பெரிய சினூக்கிலயும் லேக் ட்ரௌட்டிலயும் பிசிபி எண்ட நஞ்சு கொழுப்பில சேர்ந்து நிக்கும். ஒன்ராறியோ மாகாண அரசாங்கம் மீன் சாப்பிடுறதுக்கு வழிகாட்டி வச்சிருக்கு, எந்த இடத்து மீன், எத்தினை சென்ரிமீற்றர், மாசத்துக்கு எத்தினை தரம் எண்டு அட்டவணை கிடக்கு, சின்னப் பிள்ளையளுக்கும் பிள்ளைத்தாச்சிப் பொம்பிளையளுக்கும் தனி வரிசை. மீனை அளந்து பார்த்திட்டு அதின்படி செய்யுங்கோ. தோலையும் வயித்துக் கொழுப்பையும் வெட்டி எறியுங்கோ, தலையும் வேண்டாம். குழம்பில கொழுப்பு முழுக்கச் சாற்றுக்குள்ளதான் நிக்கும், சதையைத் துண்டா வெட்டி தூள் பிரட்டி கிறில்லில வாட்டினால் கொழுப்பு வடிஞ்சு போயிடும். எங்கட ஆக்களுக்குத் தலைதான் ருசி எண்டு தெரியும், எண்டாலும் இந்த ஏரி மீனில அதை விடுங்கோ.

வடகரை_லைன்:
ஹூக் வளைஞ்சது எண்டால் ஒண்டில் மெல்லிய கம்பி ஹூக், இல்லாட்டி ரீலின்ர டிராக் (லைன் ஓடுறதைப் பிடிக்கிற பிரேக்) இறுக்கம் கூட. ஃப்ளையில இருக்கிற ஹூக்கைத் தடிச்ச கம்பியில மாத்துங்கோ, டிராக்கைக் கொஞ்சம் தளர்த்தி மீனை ஓடவிடுங்கோ, வலைக்குக் கிட்ட வரேக்கதான் அது கடைசிப் பாய்ச்சல் பாயும். இன்னொண்டு, அட்லாண்டிக் சால்மன் வந்தால் ஒராளுக்கு ஒண்டுதான், அதுவும் 63 சென்ரிமீற்றருக்கு மேல இருக்கவேணும். ஒரு காலத்தில இந்த ஏரியின்ர சொந்த மீன், 1898க்குள்ள இல்லாமலே போய், 2006ல இருந்து திரும்பக் கொண்டுவரப் பாடுபடுகினம், என்னைக் கேட்டால் பெரிசெண்டாலும் திரும்பத் தண்ணியிலயே விடுங்கோ.

அடுத்த கிழமை திரும்ப மேல்காத்து எண்டு போட்டுக் கிடக்கு. வெள்ளிக்கு முதல் போகேலுமெண்டால் போங்கோ.