வணிக உத்தித் தாள்: கேஸ் பதிலில் பகுப்பாய்வு வரவில்லை, வழி சொல்லுங்கள்

வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையில் எம்.பி.ஏ. படிக்கிறேன். மற்ற பாடங்கள் எப்படியோ ஓடிவிட்டன. வணிக உத்தித் தாளில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அசைன்மென்ட் திரும்பி வரும்போதெல்லாம் ஓரத்தில் ஒரே குறிப்பு: "விவரிப்பு அதிகம், பகுப்பாய்வு குறைவு." அடுத்ததை இந்த மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். ஒரு விமானச் சேவை நிறுவனத்தின் நிலைமையை அலசிப் பரிந்துரை சொல்ல வேண்டிய கேஸ், 3,000 சொற்கள்.

மேலாண்மை அறிஞர் மைக்கேல் போர்ட்டர் 1979-இல் முன்வைத்த ஐந்து விசைகளைத்தான் (துறைக்குள் போட்டி, புதிதாக நுழைபவர்கள், மாற்றுப் பொருட்கள், வாங்குபவர், சப்ளையர் என ஐந்து பக்க அழுத்தங்கள்) முதலில் எடுத்தேன். பெரிய பயணிகள் விமானங்களைத் தயாரிப்பவை முக்கியமாகப் போயிங், ஏர்பஸ் இரண்டும்தான். அதனால் சப்ளையர் கை ஓங்கியிருக்கிறது. இதுவரை எழுத வருகிறது. 'சரி, அப்படியானால் இந்த நிறுவனம் என்ன செய்ய வேண்டும்?' என்ற இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. அப்புறம் ஸ்வாட் (பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல்), பெஸ்டல் (அரசியல், பொருளாதாரம், சட்டம் போன்ற வெளிச்சூழல்) இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன்; பக்கம்தான் கூடியது. பயிற்றுநருக்கு மெயில் போட்டதற்கு, பாடநூலை மறுபடி படிக்கச் சொல்லிப் பதில் வந்தது. மாதிரி விடைகளும் தருவதில்லை. கூடப் படிப்பவர்கள் ஆளுக்கொரு நேர மண்டலத்தில் இருப்பதால் சேர்ந்து பேசவும் வழியில்லை.

இந்தத் தாளை முடித்தவர்கள் சொல்லுங்கள்: ஐந்து விசைகளில் கண்டுபிடித்ததிலிருந்து ஒரு உறுதியான பரிந்துரைக்கு நீங்கள் எந்தப் படிகளில் போனீர்கள்?