கடிகாரத்தின் தங்கக் கேஸ் உருக்கும் மூசைக்குப் போனபின் உள்ளிருந்த மிஷினைக் காப்பாற்றுவது முறையா?

வண்ணை மிஷின்காரர் எழுதியது:

பழைய வண்ணாரப்பேட்டையில் என் தந்தைக்குப் பிறகு 31 ஆண்டுகளாகக் கடிகாரப் பழுதுநீக்கும் வேலையைச் செய்து வருகிறேன். சென்ற வியாழக்கிழமை, தங்கசாலைத் தெருவை ஒட்டிய உருக்குப் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் இளைஞர், நாளிதழில் மடித்த பொட்டலம் ஒன்றை என் மேசைமேல் வைத்து, "இதற்கு ஏதாவது தருவீர்களா, ஐயா?" என்று கேட்டார். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஐந்து மிஷின்கள், அதாவது கேஸ் என்னும் மேலுறை நீக்கிய கடிகாரங்களின் உள் இயந்திரங்கள். அவற்றுள் ஒன்று ஒமேகாவின் 30 மில்லிமீட்டர் மிஷின். 1939இல் தொடங்கி 1960களின் முற்பகுதி வரை ஏறத்தாழ 30 லட்சம் செய்யப்பட்ட இந்த வகை, என் அனுபவத்தில், சுத்தம் செய்து எண்ணெய் இட்டால் இன்றைக்கும் துல்லியமாக ஓடக்கூடியது. அதன் 18 கேரட் கேஸ் அன்று காலையே உருகிவிட்டதாம். மிஷினை எடுக்கும் முறை தெரியாமல் குறட்டால் நெம்பியதில் சாவித் தண்டு முறிந்திருந்தது, பேலன்ஸ் என்னும் ஆடும் சக்கரத்தின் அச்சு முனையும் ஒடிந்திருந்தது. அந்த முனையின் கனம் தலைமுடியின் கனத்தை ஒத்தது. மற்றொன்று பழைய அமெரிக்கப் பாக்கெட் கடிகாரத்தின் மிஷின். அதன் பேலன்ஸ் விளிம்பில் இருந்த சிறு தங்கத் திருகுகளைக்கூடப் பிடுங்கியிருந்தார்கள். அத்தனையையும் சேர்த்து நிறுத்தாலும் அரை கிராம் தேறாது, ஆனால் அவை இல்லாமல் அந்தச் சக்கரம் இனி ஒழுங்காக ஆடாது.

தங்கத்தை உருக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உருக்குவதற்கு முன் கடிகாரத்தை எங்களைப் போன்றவர்களிடம் கொடுத்தால், கால் மணி நேரத்தில் பிரித்துத் தருவோம். முதலில் கிளிக் என்னும் கொக்கியை விலக்கி, சாவியை விரலால் பிடித்தபடி மெதுவாக விட்டு, மிஷினை ஓட்டும் மெயின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை இறக்க வேண்டும். அடுத்து, சாவித் தண்டைப் பிடித்திருக்கும் செட்டிங் லீவரின் திருகை ஒன்று அல்லது இரண்டு சுற்று மட்டும் தளர்த்தித் தண்டை உருவ வேண்டும். முழுவதும் கழற்றினால் லீவர் டயலுக்கு அடியில் விழுந்துவிடும், பிறகு டயலையே எடுக்காமல் அதைச் சேர்க்க முடியாது. மிஷின் வெளியே வந்ததும் தண்டைத் திரும்பச் செருகி, மூடியுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். கூலி வேண்டாம், கழிவாகப் போகும் மிஷினை மட்டும் எங்களுக்குக் கொடுங்கள், எஃகு கேஸில் பொருத்தி மீண்டும் ஓட வைக்கிறோம் என்பதே என் வேண்டுகோள். இதை எதிர்ப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

தங்கசாலை உரைகல் எழுதியது:

நான் பழைய தங்கம் வாங்கும் தொழிலில் இருக்கிறேன். ஐயா சொல்லும் கால் மணி நேரம் எங்கள் கடையில் எப்படிப்பட்ட கால் மணி நேரம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் மருத்துவச் செலவுக்கோ கல்லூரிக் கட்டணத்துக்கோ பணம் தேவைப்படுபவர்தான் கடிகாரத்தை எடுத்து வருகிறார். 12 கிராம் எடையுள்ள 18 கேரட் கேஸ் என்றால் அதில் சுத்தத் தங்கம் 9 கிராம், 9 கேரட் என்றால் நாலரை கிராம். 2025இல் சவரன் 80,000 ரூபாயைத் தாண்டிய பிறகு, அந்த வித்தியாசமே ஒரு குடும்பத்துக்குப் பெரிய தொகை. மேலே முலாம் பூசிய கேஸை, மாற்று (தங்கத்தின் தூய்மை) பார்க்கும் இயந்திரத்தில் வைத்தால், அது மேற்பரப்பை மட்டுமே படித்து நல்ல மாற்றுக் காட்டிவிடும். ஆகவே அரத்தால் ஓரிடத்தில் ராவித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. மிஷின், கண்ணாடி, மூடியைத் திறக்கும் எஃகு ஸ்பிரிங் எல்லாவற்றையும் நீக்கினால்தான் நியாயமான எடை கிடைக்கும். விற்பவர் கண்முன் இவற்றைச் செய்து முடிப்பதுதான் நேர்மை. கடிகாரத்தை வண்ணாரப்பேட்டைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருங்கள் என்று சொன்னால் அவர் என்னைச் சந்தேகிப்பார், சந்தேகிப்பதில் தவறும் இல்லை.

அதைவிடப் பெரிய மறுப்பு ஒன்று இருக்கிறது. பட்டறைகளிலிருந்து மிஷின்களை வாங்கிச் செல்பவர்கள் அவற்றை என்ன செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். எங்கோ செய்த கேஸில் போட்டு, டயலுக்குப் புதிய வண்ணம் அடித்து, பெயரைத் திரும்ப அச்சிட்டு, தாத்தா காலத்து அசல் என்று விற்கிறார்கள். நம் நாட்டிலிருந்து போகும் பழைய கடிகாரம் என்றாலே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தயங்குவதற்கு இந்த மறுவண்ண டயல்கள்தான் காரணம். நீங்கள் நல்லவராக இருக்கலாம். ஆனால் நீங்கள் கேட்கும் வழக்கம் வந்துவிட்டால் அதே வாசல் வழியாக மற்றவர்களும் வருவார்கள். அதனால்தான் நான் மிஷினை யாருக்கும் கொடுப்பதில்லை.

பெரம்பூர் சேகரிப்பாளர் எழுதியது:

உரைகல் ஐயாவின் முடிவை நான் ஏற்கவில்லை, ஆனால் மிஷின்காரர் ஐயாவின் திட்டத்தையும் எதிர்க்கிறேன். மிஷின் பிழைத்துவிட்டது என்ற ஆறுதல் கிடைத்தால், கேஸை உருக்குவது பாவமில்லாத செயலாகத் தோன்றத் தொடங்கும். இப்போது தயங்கும் நூறு பேரில் ஐம்பது பேர் தயங்காமல் போய்விடுவார்கள்.

கேஸ் என்பது வெறும் மேலுறை அன்று. அதன் உட்புறத்தில் சிறுத்தைத் தலை இருந்தால் இலண்டனில் மாற்றுப் பார்த்தது, நங்கூரம் இருந்தால் பர்மிங்காம், மூன்று கதிர்க்கட்டும் ஒரு வாளும் இருந்தால் செஸ்டர். கூடவே இருக்கும் ஓர் எழுத்தைக் கொண்டு எந்த ஆண்டில் முத்திரையிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். பழைய சுவிட்சர்லாந்து கேஸ்களில் 18 கேரட்டுக்குப் பெண்ணின் தலை, 14 கேரட்டுக்கு அணில். பழுதுபார்த்தவர்கள் ஊசிமுனையால் கீறிவைத்த குறிப்புகளும், பரிசளித்தவர் பெயரும் அங்கேதான் இருக்கும். மிஷினில் அதன் வரிசை எண் மட்டும் இருக்கும். இரண்டையும் பிரித்த பிறகு எதைக் கொண்டும் மற்றதை மீட்க முடியாது. ஆகவே முழுக் கடிகாரமாக விற்க வழிகாட்டுவதே நம் கடமை என்று நினைக்கிறேன்.

வண்ணை மிஷின்காரர் எழுதியது:

முழுதாக விற்பதில் எனக்கும் முழுச் சம்மதம். ஆனால் வட சென்னை வீடுகளில் இருந்து வரும் கடிகாரங்களில் பெரும்பாலானவை யாரும் தேடாத பெயர்கள். 9 கேரட் கேஸில் வந்த சிறிய பெண்கள் கடிகாரத்தைத் தங்க விலைக்கு மேல் கொடுத்து வாங்கும் சேகரிப்பாளர் எத்தனை பேர் என்று நீங்களே சொல்லுங்கள். அவை எப்படியும் மூசைக்குத்தான் போகின்றன, இன்று காலையும் போயிருக்கும்.

மறுகேஸ், அதாவது மிஷினை வேறு கேஸில் பொருத்துவது என்றாலே மோசடி என்ற கருத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். வால்தம், எல்ஜின் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் 19ஆம் நூற்றாண்டில் மிஷினைத் தனியாகத்தான் விற்றன. வாடிக்கையாளர் நகைக்கடையில் மிஷினையும் கேஸையும் வேறுவேறாகத் தேர்ந்தெடுப்பார், கடைக்காரர் பொருத்திக் கொடுப்பார். அதற்காகவே 16 என்னும் அளவு, 18 என்னும் அளவு என்று வகைப்படுத்தியிருந்தார்கள். 16ஆம் அளவு மிஷினின் விட்டம் 43 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும், அந்த அளவுக்குச் செய்த எந்தக் கேஸிலும் பெரும்பாலும் உட்காரும். ஒமேகாவும் ரோலெக்ஸும் இங்கிலாந்தில் விற்ற கடிகாரங்கள் பலவற்றுக்கு பர்மிங்காமில் இருந்த டென்னிசன் என்ற கேஸ் நிறுவனம்தான் கேஸ் செய்தது. கேஸ் மாறுவதில் பொய் இல்லை, மாறியதை மறைப்பதில்தான் பொய் இருக்கிறது. நான் பொருத்தும் ஒவ்வொரு மிஷினுக்கும் பின்மூடியின் உட்புறம் "மறுகேஸ்" என்ற சொல்லையும் ஆண்டையும் வெட்டித்தான் கொடுக்கிறேன், டயலுக்கு வண்ணம் அடிப்பதே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நம் நாட்டு எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவே 2016இல் மூடப்பட்டுவிட்டது. அப்படியிருக்க, பழைய சுவிஸ் மிஷின்களுக்குப் பேலன்ஸ் அச்சும், சக்கரத்தை விட்டுவிட்டுத் தடுக்கும் பாலெட்டும் கேட்டு எங்கே போவது? பட்டறைத் தரையில் கிடக்கும் ஒரு மிஷினிலிருந்து வேறு இரண்டு வீட்டுக் கடிகாரங்கள் பிழைக்கின்றன.

பெரம்பூர் சேகரிப்பாளர் எழுதியது:

மன்னிக்க வேண்டும், ஐயா. முதல் பதிவில் மிஷினை மீண்டும் ஓட வைப்பதாக எழுதினீர்கள். இப்போது அதைப் பிரித்து உதிரிபாகமாக்குவதாக எழுதுகிறீர்கள். இரண்டும் வேறு வேறு. இரண்டாவதை நான் மீட்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொரு கவலையையும் பதிவு செய்கிறேன். இருட்டில் ஒளிரும் பழைய டயல்களிலும் முட்களிலும் ரேடியம் பூசியிருப்பார்கள். ஒளிர்வது நின்றுவிட்டாலும் கதிர்வீச்சு நிற்காது, அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். குறட்டால் நெம்பி, சுத்தியலால் தட்டி உதிரும் அந்தப் பொடியை, ஜன்னல் இல்லாத அறையில் சிறுவயதுப் பையன்கள் சுவாசிக்கிறார்கள். கடிகாரத்தைக் காப்பாற்றுவதற்கு முன் அவர்களைப் பற்றிப் பேச வேண்டும்.

வண்ணை மிஷின்காரர் எழுதியது:

உதிரிபாகம் பற்றிய குற்றச்சாட்டை ஏற்கிறேன். அச்சும், பேலன்ஸை ஆட வைக்கும் ஹேர் ஸ்பிரிங்கும் முறிந்த மிஷினை மட்டுமே பிரிக்கிறேன் என்பதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ரேடியம் பற்றிச் சொன்னது மிக மிகச் சரி. பிரிக்கும் வேலை பட்டறையில் நடக்கக்கூடாது என்று நான் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணமாகட்டும்.

ராயபுரம் பேத்தி எழுதியது:

எனக்குக் கடிகாரத் தொழில் எதுவும் தெரியாது, தங்கத்தை விற்றவள் என்ற முறையில் எழுதுகிறேன். என் தாத்தா துறைமுகத்தில் எழுத்தராக இருந்தார். மூர் மார்க்கெட்டில் 1950களில் பழைய பாக்கெட் கடிகாரம் ஒன்றை வாங்கி, அதைத் தன் வாழ்நாள் முழுவதும் வைத்திருந்தார். முன்னும் பின்னும் தங்க மூடி, பின்மூடியைத் திறந்தால் உள்ளே இன்னொரு மூடி, அதில் அவருடைய பெயரையும் கல்மண்டபத்து வீட்டு எண்ணையும் தமிழில் வெட்டியிருந்தார். 2019இல் அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்காக அதை ஒரு கடையில் விற்றோம். மிஷினையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். உடைந்துவிட்டது, வீசிவிட்டோம் என்றார்கள். உரைகல் ஐயா சொன்னதுபோல் அன்று எங்களுக்குப் பணம்தான் முக்கியம், விற்றதற்காக நான் வருந்தவில்லை. அந்தப் பெயர் இருந்த மூடியும் உருகிப் போனதே என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

தங்கசாலை உரைகல் எழுதியது:

அம்மா, ஒன்று கேட்கிறேன். அந்த உள்மூடியில் பெயரைத் தவிர வேறு ஏதாவது எழுத்து இருந்ததா? அந்தக் காலத்துப் பாக்கெட் கடிகாரங்கள் பலவற்றில் வெளிமூடிகள் மட்டுமே தங்கம். தூசி புகாமல் தடுக்கும் உள்மூடியைப் பித்தளையில் செய்து முலாம் பூசிவிடுவார்கள், "மெட்டல்" அல்லது செம்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அதில் பொறித்திருக்கும். ரசீது இருந்தால் எடைகளைப் பாருங்கள்.

ராயபுரம் பேத்தி எழுதியது:

தாத்தா பெயருக்குக் கீழே ஆங்கிலத்தில் மெட்டல் என்று இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிறுவயதில் அதைத்தான் கடிகாரத்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரசீதைத் தேடி எடுத்துவிட்டேன். மொத்த எடை 96 கிராம், கழிவு 55 கிராம், தங்கம் 41 கிராம் என்று எழுதியிருக்கிறார்கள்.

வண்ணை மிஷின்காரர் எழுதியது:

அந்த அளவுள்ள மிஷின், டயலும் முள்ளும் சேர்த்து 40 கிராமுக்குள்தான் இருக்கும். கண்ணாடிக்கும் எஃகு ஸ்பிரிங்குகளுக்கும் சில கிராம் கழித்தாலும் மீதி இருக்கிறது. உள்மூடியைக் கழிவில்தான் சேர்த்திருக்கிறார்கள், அம்மா. அது உருக்கப்படவே இல்லை, தங்கம் இல்லை என்பதால் வீசப்பட்டிருக்கிறது.

ராயபுரம் பேத்தி எழுதியது:

அப்படியானால் கேட்டிருந்தால் அன்றே கையில் கொடுத்திருப்பார்கள். நான் மிஷினை மட்டும் கேட்டேன். மூடியைக் கேட்கலாம் என்று எனக்குத் தெரியவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

பெரம்பூர் சேகரிப்பாளர் எழுதியது:

இதைப் படித்தபின் என் நிலையைச் சற்றே மாற்றிக்கொள்கிறேன். மிஷின் யாருக்குப் போக வேண்டும் என்று நாம் மூவரும் வாதாடிக்கொண்டிருந்தோம். அது விற்றவருக்கு உரியது என்பதை எவருமே முதலில் சொல்லவில்லை. உருக்கித்தான் ஆக வேண்டும் என்றால், பிரிப்பதற்கு முன் கேஸின் உட்புற முத்திரைகளையும் எண்களையும் கைபேசியில் படம் எடுத்து விற்பவருக்கு அனுப்புவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கேஸ் போனாலும் எந்த மிஷின் எந்தக் கேஸில் இருந்தது என்ற செய்தியாவது மிஞ்சும்.

வண்ணை மிஷின்காரர் எழுதியது:

ஏற்கிறேன். விற்றவர் வேண்டாம் என்று சொன்ன மிஷினை மட்டுமே இனி வாங்குவேன். திரும்ப எடுத்துச் செல்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேஸ் இல்லாத மிஷினை ராயபுரம், காசிமேடு போன்ற கடலோரப் பகுதியில் திறந்து வைத்தால், உப்புக் காற்றில் எஃகு பாகங்கள் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துவிடும். இறுக்கமான மூடியுள்ள டப்பாவில், மருந்துப் புட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள். பஞ்சில் சுற்ற வேண்டாம், அதன் இழை சக்கரங்களில் சிக்கிக்கொள்ளும்.

தங்கசாலை உரைகல் எழுதியது:

அம்மா விற்ற கடை எது என்று இங்கே எழுத வேண்டாம். எங்கள் தெருவில் எந்தக் கடையிலும் அப்படி நடந்திருக்கலாம், என் கடையிலும் நடந்திருக்கும். மறுகேஸ் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. வியாபாரிகள் கையில் மிஷின் போவதை இனியும் அனுமதிக்க மாட்டேன். ஆனால் திங்கட்கிழமை முதல் என் ரசீதில் கழிவு என்று ஒற்றை வரி இருக்காது. மிஷின், டயல், முள், உள்மூடி, கண்ணாடி என்று தனித்தனியே எடையுடன் எழுதி, எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு, கேட்டாலும் கேட்காவிட்டாலும் பணத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுவேன். மிஷின்காரர் ஐயா, கிளிக்கை விலக்கும் முறையை என் கடைப் பையன்கள் இருவருக்கும் நேரில் காட்டித்தர முடியுமா? ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை, அவர்களை நானே அழைத்து வருகிறேன்.