நண்பகல் நேரத்து மயக்கம்: முடிவை எப்படி எடுத்துக்கொள்வது?

வணக்கம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இந்த மலையாளப் படத்தைப் போட்டுக் கலந்துரையாடப் போகிறோம். முடிவு பற்றி மட்டும் உதவி தேவை. (பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.)

'எல்லாம் ஜேம்ஸின் கனவு' என்ற விளக்கம் நிற்காது. வேளாங்கண்ணியிலிருந்து திரும்பும் மொத்தப் பேருந்தும், மலையாளியான அவர் வழியில் ஒரு தமிழ்க் கிராமத்தில் இறங்கி அந்த ஊர்க்காரன் சுந்தரமாக மாறியதைப் பார்க்கிறதே! ஆவி புகுந்தது என்றால் வேறு சிக்கல்: சுந்தரம் காணாமல் போனவன், அவ்வளவுதான்; இறந்தானா என்றே தெரியாது.

லாட்ஜில் வரும் 339ஆம் குறளை, 'உறங்கு வதுபோலுஞ் சாக்காடு உறங்கி விழிப்பது போலும் பிறப்பு', பிடித்துக்கொண்டால் ஓரளவு பொருந்துகிறது. ஒரு மதியத் தூக்கத்தில் ஜேம்ஸ் மறைகிறார்; இன்னொன்றில் சுந்தரம் மறைகிறான். ஆனால் பேருந்தின் பின்னால் ஓடும் அந்த நாய்? அது யாரைத் துரத்துகிறது? எங்களுக்கு இதுதான் இடிக்கிறது.

மறுபடி பார்ப்பவர்கள் கடைசிப் பதினைந்து நிமிடத்தைச் சப்டைட்டிலை அணைத்துவிட்டுப் பாருங்கள். தமிழும் மலையாளமும் மாறும் இடம் காதில்தான் பிடிபடும், சப்டைட்டிலில் இரண்டும் ஒன்றுதான். டிவியிலும் ரேடியோவிலும் ஓடும் பழைய தமிழ்ப் பாட்டு, வசனம் எது எந்தக் காட்சியில் வருகிறது என்று நிமிடத்தோடு குறித்து அனுப்புங்கள். ஜேம்ஸ் நாடகக்காரர் என்பதை வைத்து வேறு விளக்கம் சொல்பவர்களும் எழுதலாம்.